தாய்வழி வந்த அஞ்சல்தலைகள்

1862ஆம் ஆண்டு, சாரா டெலானோ என்னும் அமெரிக்கச் சிறுமி தன் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் கப்பலேறி ஹாங்காங் சென்றாள். அங்கு வணிகம் செய்துகொண்டிருந்த தந்தையோடு சேர்ந்து வாழவே அந்நெடும்பயணம். அவ்வாண்டின் இறுதியில்தான் ஹாங்காங் தன் முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. கடிதங்களின்மீது ஒட்டப்பட்டு வந்த அவ்வண்ணத் தாள்களைச் சேர்ப்பதில் சாராவுக்குச் சிறுவயதிலேயே விருப்பம் மிகுதி.

பின்னாளில் அத்தொகுப்பை அவர், ஹாங்காங்கிலேயே பிறந்த தம்பி பிரெடரிக்குக்குத் தந்தார். பிரெடரிக் அதைத் தமக்கை மகனுக்கு அளித்தார். தாய்மாமன் சீர் என்றே அதனைச் சொல்லலாம். அம்மருமகனே அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1921இல், 39ஆம் வயதில், ரூஸ்வெல்ட்டை இளம்பிள்ளைவாதம் தாக்கியது, கால்கள் செயலிழந்தன. மகன் அரசியலைத் துறந்து ஊரிலேயே ஓய்வாக வாழவேண்டும் என்று சாரா விரும்பினார். படுக்கையில் கழிந்த நீண்ட நாள்களில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அஞ்சல்தலை ஏடுகளுமே ரூஸ்வெல்ட்டுக்கு உற்ற துணை. தாயின் சொல்லை அவர் ஏற்கவில்லை. தாய்வழி வந்த ஏடுகளையோ விடவில்லை. 1933இல் வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது அவையும் உடன்சென்றன. உலகெங்குமிருந்து வெளியுறவுத் துறைக்கு வந்த உறைகள் அவர் மேசையை அடைந்தன. புதிய அஞ்சல்தலைகளின் வடிவங்களையும் அவரே பார்த்து ஒப்புதல் வழங்கினார்.

1934இல் அன்னையர் நாளுக்காக வெளிவந்த 3 சென்ட் அஞ்சல்தலைக்கு அவர் தம் கையாலேயே மாதிரி வரைந்தார். விஸ்லர் என்னும் ஓவியர் தம் தாயைத் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமே அதற்கு அடிப்படை. மூல ஓவியத்தில் இல்லாத பூச்சாடி ஒன்று அச்சில் சேர்க்கப்பட்டதைக் கண்டு கலைஞர்கள் சினந்தனர். அவர்கள் சினம் நியாயமானதே. எனினும், தாய் தொடங்கிய தொகுப்பைக் காத்த மகன் அன்னையர்க்கென ஓர் அஞ்சல்தலையை எண்ணியதில் வியப்பில்லை.

சாரா 1941இல் மறைந்தார். ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று காலமானார். அடுத்த ஆண்டே அத்தொகுப்பு நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தது. அரியவை எனத்தக்கவை அதில் மிகுதியாக இல்லை. எனினும் ரூஸ்வெல்ட் தொட்டு ஒட்டியவை என்பதற்காகவே பலர் போட்டியிட்டு வாங்கினர். இரு தலைமுறையினர் சேர்த்தவை பக்கம் பக்கமாகப் பிரிந்து அயலார் வீடுகளுக்குச் சென்றன. பக்கங்களின் பின்புறத்தில், ரூஸ்வெல்ட்டின் தொகுப்பைச் சேர்ந்தது என்று சான்று முத்திரை இடப்பட்டிருந்தது. சாராவின் பெயர் அம்முத்திரையில் இல்லை.