கீழாநெல்லியும் ஆயாவின் கேள்விகளும்

கீழ்பென்னாத்தூரில் மழை விழுந்து சில வாரங்களானதும், நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்திலும் நெல் வரப்பிலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்கும் செடி கீழாநெல்லி. களை வெட்டுவோர் அதனையும் மற்றப் பூண்டுகளோடு சேர்த்தே வெட்டி எறிவர். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டாலோ, எறிந்த அதே களையைத் தேடி விடியற்காலையில் வரப்பேறுவர். இலைகளின் கீழே வரிசையாகத் தொங்கும் சின்னஞ்சிறு காய்களே அதன் பெயருக்குக் காரணம்.

எங்கள் ஆயா அச்செடியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் அரைத்து, எலுமிச்சங்காயளவு எடுத்து மோரில் கலக்கித் தருவார். வெறும் வயிற்றில் மூன்று நாள். உப்பும் புளியும் எண்ணெயும் ஆகா. காசு வாங்கமாட்டார். ஆனால், அம்மியைத் தொடுமுன் அவர் கேட்ட கேள்விகள்தாம் இன்றும் என்னை வியக்க வைக்கின்றன. "வெளிக்குப் போறது வெளுத்துப் போவுதா? உடம்பு அரிக்குதா? பகலெல்லாம் தூங்கி வழியறானா? பேச்சு குழறுதா?" என்பார். ஆமென்று பதில் வந்தாலும், வந்தவள் கர்ப்பிணியாக இருந்தாலும், "இது என் கைக்கு அடங்காதும்மா, திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறு" என்று சொல்லிவிடுவார்.

மஞ்சள் காமாலை ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். அசுத்த நீரால் பரவும் ஏ, ஈ வகைக் கல்லீரல் அழற்சி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்நாள்களில் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே புகழ் சேரும். கீழாநெல்லியின் பெரும்பெயரில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்ததே என்பது என் எண்ணம். பித்தநாளத்தைக் கல் அடைத்தால் மலம் வெளுக்கும், தோல் அரிக்கும். அரைத்த விழுது அக்கல்லை அசைக்காது. தூக்கமும் குழறலும் கல்லீரல் தளர்ந்துவிட்டதைச் சொல்பவை. ஈ வகை நோயோ கர்ப்பத்தின் பிற்பகுதியில் உயிரைக் குடிக்கவல்லது. எழுத்தறியாத ஆயா இவற்றை எங்கே கற்றார்? அவருக்கு முன் அம்மியில் அரைத்தவர்கள் கண்ட மரணங்களிலிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

செடியைச் சோதித்தவர்களும் உண்டு. பி வகைக் கிருமியைக் கண்டறிந்த புளூம்பெர்க், 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் முதலானோரின் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. பி வகைக் கிருமியை நாள்பட்டுத் தாங்கியிருந்தோரில், கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது; வெற்றுப்பொடி உண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. நம் வரப்புச் செடி உலகப் புகழ் பெற்ற பொழுது அது. ஆயினும் பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. பி வகைக்கு இன்று நம்பத்தக்க காவல், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடும் தடுப்பூசியே.

இப்போது எங்கள் பக்கத்திலும் கீழாநெல்லிப் பொடி பொட்டலமாகக் கிடைக்கிறது. அளவும் பத்தியமும் மேலே அச்சிட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அதனை நாற்பது நாள் குடித்தான். மஞ்சள் ஏறிக்கொண்டே போயிற்று. இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு கிடந்தான். மலம் வெளுத்திருந்ததை அவன் எவரிடமும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. ஆயாவிடம் முன்பு மருந்து வாங்கியிருந்த அவன் பெரியம்மா ஊரிலிருந்து வந்த அன்று அந்தக் கேள்வியைக் கேட்டாள். அன்றைக்கே திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் பித்தநாளத்துக் கல் தெரிந்தது.