தங்குமிடம் தெரிதல்

கடற்கரைக்கு விடுமுறையிற் செல்ல விரும்புவோரை எங்கே செல்கின்றீர்கள் என்று வினவினால், அவர்கள் ஊரின் பெயரையே கூறுவர். ஊரைத் தீர்மானிப்பது எளிது. அவ்வூரில் எவ்விடத்திற் படுத்தெழும்புவது என்பதைத் தீர்மானிப்பதே கடினம். ஊரின் பெயரைச் சொல்லும்போது எமது ஆசை வெளிப்படுகின்றது. தங்குமிடத்தைச் சொல்லும்போதோ எமது கையிருப்பும், அச்சமும், பிறர் முன்னிலையில் எம்மை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதும் ஒருங்கே வெளிப்பட்டுவிடுகின்றன. சென்ற ஆகஸ்ட் மாதம் எமது குடும்பம் முதன்முறையாகக் கடற்கரையில் மூன்று இரவுகள் தங்கி வந்தது. தங்குமிடம் தேடும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தேடலின்போது எழுந்த சிந்தனைகள் சிலவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிக்கும் கடலுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. மலைகளும் மகாவலியும் சூழ்ந்த இந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த இராச்சியம், 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையினால் நாட்டின் கரையோரம் முழுவதையும் இழந்தது. அதன் பின்னர் உப்புக்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1660இல், மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தான். சிறை என்றால் நாற்புறமும் சுவரெழுப்பிய சிறையன்று. கைதிகள் வெவ்வேறு கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிப்பது கிராமத்தாரின் கடமையாயிற்று. அவன் பட்டினி கிடக்கவில்லை. எங்கே இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே அவனுக்கு இருக்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கித் தனக்கென வீடமைத்துக்கொண்டான். உண்ணவும் உறங்கவும் இடமிருந்தும், அந்த இடம் தான் தெரிந்த இடமாக இல்லாதபோது மனிதன் தன்னைக் கைதியாகவே உணர்கின்றான் என்பதற்கு அவன் வரலாறு தக்க சான்றாகும்.

நொக்ஸின் கதை எமக்கு அந்நியமானதன்று. கண்டியைச் சுற்றியுள்ள ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் வாழும் எம்மவரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என நடந்து மலையேறியோர் பலர். வழியிலேயே நோயால் மடிந்தோரும் பலர். அந்நடையை நினைவுகூர்ந்தே 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. வந்தவர்க்கு இடந்தேடும் சிரமம் இருக்கவில்லை. லயம் ஆயத்தமாக இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா எது என்பதைத் தோட்டமே தீர்மானித்தது. அதிற் பிறந்தவர் அதிலேயே வாழ்ந்து, அதே தோட்டத்து மண்ணிலேயே புதைந்தனர். தங்குமிடத்தைத் தெரிதல் என்னும் செயல் எமது குடும்பத்தில் நான்கு தலைமுறையாக நிகழ்ந்ததே இல்லை எனலாம். அப்பாயி கடலைக் கண்டதுமில்லை. அவரது பாட்டனார் கடந்து வந்த கடலைப் பற்றி அவர் கேட்டறிந்த கதைகள் மட்டுமே இருந்தன.

கடற்கரை விடுமுறை என்பதும் ஒரு காலத்திற் செல்வர்க்கே உரியதாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மருத்துவர்கள் கடல் நீராடலை நோய்க்கு மருந்தெனப் போற்றவே பிறைற்றன் போன்ற ஊர்கள் பிரபுக்களின் உல்லாச நகரங்களாயின. புகையிரதம் வந்தபின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் பிளாக்பூலுக்குத் திரண்டு சென்றனர். பிரான்சில் 1936ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் 1938ஆம் ஆண்டிலும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிளாக்பூலின் சிறு விடுதிகளில் ஆலைத் தொழிலாளி காலை எழுந்ததும் அருந்திய தேநீரில் எமது மலைகளின் கொழுந்தும் கலந்திருந்திருக்கும். கொழுந்து கடலைக் கடந்தது. கொழுந்து பறித்தவர் கடலைக் காணவில்லை.

இனி, எக்கரை என்னும் வினா. கண்டியிலிருந்து புகையிரதத்தில் மேற்குக் கரையை அடைவது எளிது. எனினும் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றாகிய சோழகம், மேற்கிலும் தெற்கிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்கின்றது. அதே காலத்திற் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். நீர்கொழும்புப் பகுதி மீனவர் சோழகத்தின்போது கிழக்கே வந்து வாடி அமைத்து மீன்பிடிப்பதும் இக்காரணத்தினாலேயே. எனவே ஆகஸ்ட் மாதத்திற் செல்வோர்க்குக் கிழக்கே உகந்தது. பாசிக்குடாவின் கடல் நெடுந்தூரம் ஆழமற்றது. நீந்தத் தெரியாதவர்க்கு அதைவிடச் சிறந்த இடமில்லை. ஆயின் போர் முடிந்தபின் அங்கே எழுந்தவை பெரும்பாலும் பெரிய ஹோட்டல்கள். திருகோணமலையோ மாத்தளை, தம்புள்ளை, ஹபறணை, கந்தளாய் வழியாகப் பேருந்திற் செல்லத்தக்கது. கோணேசர் கோயில் உண்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உண்டு. அப்பாயியின் வாக்கு கோணேசருக்கே கிடைத்தது. ஆகவே ஊர் ஒரே மாலையில் முடிவாயிற்று.

தங்குமிடம் முடிவாக மூன்று வாரங்கள் சென்றன. தங்கை நிலாவெளியில் மணலை ஒட்டியிருந்த ஒரு ஹோட்டலின் படத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டினாள். எதிரே புறாத்தீவு, முற்றத்தில் நீச்சற் குளம். அதன் ஓரிரவுக் கட்டணம் அம்மாவின் இருபது நாட் சம்பளத்தையும் மிஞ்சியது. எம் வீட்டில் எவ்விலையையும் கொழுந்து பறிக்கும் நாட்களாக மாற்றிப் பார்ப்பதே வழக்கம். எமது பயணத்துக்கு அம்மா பிடித்த சீட்டுப் பணமே முதல். அப்பா கோயிலுக்கு அண்மையில் மடம் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். மடத்தில் எவரும் எம்மை ஏன் வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள் என்பது அவர் கூறிய காரணம். அம்மாவுக்கு அடுப்பு வேண்டும். மூன்று நாளும் கடையில் உண்பது கட்டாது. அப்பாயிக்குப் படிகள் ஆகா. இரவில் எழுந்து செல்ல மலசலகூடம் அருகில் இருக்க வேண்டும்.

தங்கை அப்பாவை விடவில்லை. ஒருநாளாவது ஹோட்டலில் தங்கினால் என்ன என்று கேட்டாள். “பங்களாவுல படுக்கிற ஆளுங்களா நாம? பின்கதவோட நின்னு பழகிட்டோம் தாயி” என்றார் அப்பா. அவர் சிரித்துக்கொண்டே கூறினாலும் எம்மில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. துரையின் பங்களாவுக்கு விறகு சுமந்து சென்ற காலத்தில் அதன் பின்விறாந்தையைத் தாண்டி அவர் உள்ளே கால் வைத்ததில்லை. மலைநாட்டின் அத்தகைய பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. பணம் செலுத்துவோர் எவரும் அவற்றிற் படுத்துறங்கலாம். அப்பாவுக்கு அது தெரியும். பணமில்லை என்பது அவர் தயக்கத்தின் ஒரு பாதியே. முன்கதவால் நுழைவோரை ஏறிட்டு நோக்கும் கண்களை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே மறு பாதி.

அத்தயக்கம் வெறும் கற்பனையன்று என்பதை நானும் அறிய நேர்ந்தது. நடுத்தரக் கட்டணமுள்ள ஒரு விடுதிக்குத் தொலைபேசியிற் பேசினேன். இரண்டு அறைகள் உள்ளன என்றனர். பெயரையும் முகவரியையும் கேட்டனர். தோட்டத்தின் பெயரைக் கூறினேன். பஸ்ஸிற் கூட்டமாக வந்து சமைத்துச் சாப்பிடுவோர்க்கு அறை கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. கூட்டம் என்று நான் சொல்லவில்லை, சமைப்பதாகவும் சொல்லவில்லை. நாம் ஐவரே. இதனை வீட்டில் நான் கூறவில்லை. ஆயினும் அன்று முதல் அறைகளின் படங்களைப் பார்ப்பதை நிறுத்தி, அவற்றைக் கொடுக்கும் மனிதரின் குரலைக் கவனிக்கலானேன்.

வேறொன்றும் இத்தேடலில் எனக்குத் தெளிவாயிற்று. இருக்குமிடத்தைத் தெரியும் உரிமை கரையிலுள்ளோர்க்கும் எளிதாகக் கிடைத்ததன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சூறையாடிய பின்னர், கடலோரத்தில் வீடுகளை மீளக் கட்டுவதற்குத் தடைவலயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவர் உள்ளே தள்ளப்பட, சுற்றுலா விடுதிகளுக்குச் சலுகை காட்டப்பட்டதாகக் கடுங் கண்டனம் எழுந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. போரினால் பலமுறை இடம்பெயர்ந்தோரே ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்தனர். மணலை ஒட்டிய அறையை விரும்பும் விருந்தினன், அம்மணலில் முன்பு எவருடைய குடில் இருந்தது என்று ஒருகணமேனும் எண்ணுதல் வேண்டும்.

ஈற்றில் உப்புவெளிப் பக்கமாக, கடலிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளைத் தெரிந்தோம். வீட்டுக்காரி கைம்பெண், பிள்ளைகள் வெளிநாட்டில். நான் பேசியபோது அவர் முகவரியைக் கேட்கவில்லை. “பிள்ளை, வயசானவை ஆராவது வருகினமோ? அப்ப கீழறையைத் தாறன்” என்றார். அடுப்பைப் பாவிக்கலாம் என்றார். அலை வந்தால் எப்பக்கம் ஓடுவது என்று அம்மா கேட்கச் சொன்னதற்கும் பொறுமையாகப் பதிலளித்தார். கடல் தெரியும் சாளரம் அங்கு இல்லை. தங்கைக்கு அது பெருங்குறை. எனினும் கட்டணம், அடுப்பு, கீழறை, குரல் ஆகிய நான்கும் ஓரிடத்திற் பொருந்தின. அப்பா மடத்தைக் கைவிட்டார். காசு கொடுத்துத் தங்குவோம்; தலை நிமிர்ந்து தங்குவோம் என்றார் அம்மா. அத்துடன் விவாதம் முடிந்தது.

மூன்று நாட்களின் இன்பங்களை விவரிப்பது இக்கட்டுரையின் பொருளன்று. அப்பாயி கணுக்காலளவு நீரில் நெடுநேரம் நின்றார் என்பதையும், உப்புக் கரித்த கையை நாவில் வைத்துப் பார்த்தார் என்பதையும் மட்டும் கூறி அமைகின்றேன். நான் முக்கியமாகக் கருதுவது முதல்நாள் நிகழ்ந்த ஒன்று. வீட்டுக்காரி ஒரு கொப்பியை நீட்டினார். தங்குவோரின் விபரங்களை எழுதுவது வழமை. பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை அப்பா விரைவாக எழுதினார். ‘நிரந்தர முகவரி’ என்னும் நிரலுக்கு வந்ததும் பேனை நின்றது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம் என நான்கு வரிகளை எழுதினார். நிரந்தரம் என எழுதப்பட்ட அவ்விடம் எமக்குச் சொந்தமன்று. நாம் அதைத் தெரிந்ததுமில்லை. மூன்றிரவுக்கென நாமே தெரிந்த இடமோ அதே பக்கத்தில் ஒரு திகதியாக மட்டும் பதிவாகியது.

தோட்டங்களில் காணியுடன் கூடிய தனி வீடு என்னும் திட்டம் பல ஆண்டுகளாக நடைபெறுகின்றது. 2017ஆம் ஆண்டு நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வீடுகள் எழுவது நன்று. அவற்றின் எண்ணிக்கை கூடுவதும் நன்று. ஆயினும் இத்தகைய திட்டங்களை ஆராயும் எமது கலைப்பீட மாணவர் எண்ணிக்கையோடு நின்றுவிடாது, குடியிருக்கப்போகின்றவரிடம் எவரேனும் எதையாவது கேட்டனரா என்பதையும் வினவ வேண்டும் என்பது என் கருத்து. ஊர் திரும்பிய சில வாரங்களில் எமது பிரிவிலும் காணி பற்றிய கூட்டமொன்று நடந்தது. முன்பெல்லாம் இத்தகைய கூட்டங்களிற் பின்வரிசையில் மௌனமாக இருந்து திரும்புபவர் அப்பா. அன்று எழுந்து, காணி சரிவிலா மட்டத்திலா உள்ளது, தண்ணீர் எவ்வளவு தூரம், வயதானவர் ஏறி இறங்க முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டார். அவற்றுக்கு இன்னும் விடை வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பதாகக் கூறியிருக்கின்றார்.