உம்மாவின் உளூவுக்கு எவ்வளவு வெந்நீர் வேண்டும்?



திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு வெந்நீர் எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆண்டின் பெரும்பகுதியில் எங்கள் மேலப்பாளையத்தில் லுஹர் நேரத்தில் குழாயைத் திறந்தால், மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் கையைச் சுடும். ஆனால் மார்கழி, தை மாதங்களின் சுப்ஹு வேளை வேறு. ஆனி, ஆடியில் பொதிகைப் பக்கமிருந்து சாரலை ஏந்தி வரும் மேல்காற்றும் வேறு. இளைஞர்களுக்கு அது சுகம். விரல் மூட்டிலும் முழங்காலிலும் வலியுள்ள முதியவர்களுக்கு அந்நேரத்துத் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். எங்கள் வீட்டில் ஹீட்டர் இருப்பது என் உம்மாவுக்காகத்தான்.

ஒன்பது ஆண்டுகள் உழைத்த அந்த 25 லிட்டர் ஹீட்டர் சென்ற குளிர்காலத்தில் அடியில் ஒழுகத் தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தண்ணீர் சூடேற அதிக நேரம் பிடித்தது. உள்ளே பொரிவதுபோல் ஓசையும் எழுந்தது. கழற்றிப் பார்த்த மின்பணியாளர், "காயிலைப் பாருங்க பாய், சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு. போர் தண்ணி செய்த வேலை" என்றார். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது பிரிந்து காயிலின்மேல் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே எரிக்கிறது. கலனுக்குள் அனோடு என்றொரு மக்னீசியக் கம்பி இருக்கும். துரு, எஃகுச் சுவரை அரிப்பதற்கு முன் இக்கம்பியை அரிக்கும். அதாவது கலனுக்காகத் தன்னைக் கொடுக்கும் கம்பி. எங்கள் ஹீட்டரில் கம்பி இருந்த இடத்தில் ஒரு துருத்துண்டுதான் மிஞ்சியிருந்தது. அதற்குப் பின் சுவர் தாங்குமா?

புதிது வாங்கும்வரை அடுப்பங்கரையில் கேஸ் அடுப்பில்தான் வெந்நீர். அந்நாள்களில் உம்மா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதலாவது: "குளுருல தயம்மும் செய்யலாம்னு சொல்வாங்கள்ல வாப்பா, எனக்கும் ஆகுமா?"

தாத்துஸ் ஸலாசில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்த செய்தி அபூதாவூதில் வருகிறது. காரணத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிர, கண்டிக்கவில்லை. ஆனால் இச்சலுகைக்கு நிபந்தனை உண்டு. தண்ணீரைச் சூடாக்க வழியில்லாதிருக்க வேண்டும். சிலிண்டரும் அடுப்பும் பத்தடி தூரத்தில் இருக்கும் வீட்டில், குளிர் என்ற ஒரே காரணத்துக்காகத் தயம்மும் செய்ய இயலாது. சுடுநீரும் உடலுக்குக் கேடு என நம்பகமான மருத்துவர் கூறினால் அது தனிச் சட்டம். இதைச் சொன்னதும் உம்மா ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்வி, கேள்வியாக வரவில்லை, மறுப்பாக வந்தது. "எனக்காக எதுக்குக் காசைக் கரைக்கிய? பச்சத் தண்ணியில உளூச் செஞ்சா நன்மை கூடயில்லா?" சிரமமான நிலையிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்துத் தகுதிகளை உயர்த்தும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை மனத்தில் வைத்தே கேட்டார்கள். அந்தச் சிறப்பு, தானாக வந்து சேரும் சிரமத்துக்கு உரியது. வெந்நீர் கிடைக்கும்போது அதை ஒதுக்கிவைத்துச் சிரமத்தைத் தேடிப் போகுமாறு அதில் ஏவல் இல்லை. இரண்டு காரியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், பாவமில்லாதவரை எளிதானதையே நபியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் வெந்நீரில் உளூச் செய்ததை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலில் ஒரு பாடத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். உமரை விடவா நாம் பேணுதல் மிக்கவர்கள்?

இனி, எதை வாங்குவது? கேஸில் இயங்கும் ஹீட்டரை முதலிலேயே விலக்கினேன். எங்கள் தெருக்களில் குளியலறைகள் நெருக்கமானவை, சன்னல் பெயருக்குத்தான். காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வரும்போதுதான் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடலாம். வாளிக்குள் மாட்டும் ராடு மலிவு. ஆனால் ஈரக்கையும் மறதியும் உள்ள முதியவர் புழங்கும் வீட்டில் அதை வைக்க மனம் ஒப்பவில்லை. மூன்று லிட்டர் உடனடி ஹீட்டருக்கு 3 கிலோவாட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டின் பழைய ஒயர் அதைத் தாங்காது.

எஞ்சியவை சோலாரும், மீண்டும் ஒரு சாதாரண ஹீட்டரும். சோலார் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்த அதே வாரம் வகுப்பில் 'மத்னு அபீ ஷுஜாஃ' தொடங்கியது தற்செயல்தான். ஷாஃபிஈ ஃபிக்ஹின் அந்தச் சிறு நூலின் முதல் பாடம் தண்ணீரின் நான்கு வகைகள். இரண்டாவது வகை, தூய்மையானதும் தூய்மைப்படுத்தக் கூடியதுமாயினும் பயன்படுத்துவது மக்ரூஹ் ஆன தண்ணீர். அதாவது வெயிலில் சூடான தண்ணீர். கடற்கரை ஊரிலிருந்து வந்து ஓதும் பிள்ளை ஒருவன் உடனே எழுந்தான்: "ஹஜ்ரத், எங்க வீட்டு மாடியில சோலார் இருக்கே, அதுல குளிக்கிறது மக்ரூஹா?"

நல்ல கேள்வி, கேட்கப்பட வேண்டிய கேள்வி. மத்ஹபின் நூல்கள் இதற்குப் பல நிபந்தனைகளை இடுகின்றன. ஹிஜாஸ் போன்ற வெப்ப நாடாக இருக்க வேண்டும். தங்கம், வெள்ளி தவிர்த்த செம்பு, இரும்பு போன்ற உலோகப் பாத்திரத்தில் காய்ந்திருக்க வேண்டும். சூடு ஆறுமுன் உடலில் பயன்படுத்த வேண்டும். வெயிலில் உலோகத்திலிருந்து ஒருவகைப் பிசுக்கு கிளம்பி, உடலில் பட்டால் வெண்குட்டம் உண்டாகும் என்ற அச்சமே காரணம். நம் மொட்டைமாடிகளில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி இதில் சேராது. கண்ணாடிக் குழாய் சோலாரில் வெயில் காய்வது கண்ணாடியில். தண்ணீர் தங்குவது மூடிய கலனில். தட்டையான சோலாரிலோ உள்ளே ஓடுவது செம்புக் குழாய். எனவே பிள்ளையின் ஐயம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், அன்னை ஆயிஷாவோடு தொடர்புடைய ஹதீஸை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்கத்தக்கதாகக் கருதவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே 'அல்உம்மு' நூலில், மருத்துவக் காரணத்தால் அன்றி இத்தண்ணீரைத் தாம் வெறுக்கவில்லை என்ற கருத்தில் பேசுகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் மத்ஹபின் கூற்றாக மக்ரூஹ் என்று எழுதினார்கள். 'ரவ்ளா'விலோ ஆதாரத்தின்படி மக்ரூஹ் இல்லை என்பதே வலுவானது என்றார்கள். காரணம் மருத்துவமானால் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது வெண்புள்ளி. பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றைத் தாக்குகிறது. அது குளித்த தண்ணீரால் வருவதில்லை என்பது இன்றைய மருத்துவம். ஆகவே சோலார் தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம் என்று பிள்ளையிடம் சொன்னேன். மக்ரூஹ் என்று கொள்பவரின் உளூவும் அதில் நிறைவேறும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பாடத்தின் முதல் நாளே தன் வீட்டு மாடியை நினைத்துப் பார்த்த அவனுக்காகத் துஆச் செய்கிறேன்.

ஆனாலும் எங்கள் வீட்டுக்குச் சோலார் வாங்கவில்லை. காரணம் அளவு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் உளூச் செய்வார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்துவரை தண்ணீரில் குளிப்பார்கள். ஒரு முத்து என்பது, மத்ஹபுகளின் கணக்குப்படி சுமார் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை. உம்மாவின் சுப்ஹு உளூவுக்கும் காலைக் குளிப்புக்கும் பச்சைத் தண்ணீர் கலந்தால் பத்து லிட்டர் வெந்நீர் தாராளம். மற்றவர்கள் யாரும் வெந்நீரைத் தொடுவதில்லை. இதற்கு 100 லிட்டர் சோலார், இரண்டு மூன்று மடங்கு விலையில் எதற்கு? 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். பத்து லிட்டருக்கு அரை யூனிட்கூட ஆகாது. நாள்தோறும் ஒரு யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்கு அரசு அப்போது தந்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் வெந்நீருக்கே போயிருக்கும். பெரிய குடும்பங்களுக்கும் மதரஸா விடுதிகளுக்கும் சோலார்தான் சரி என்பது என் கருத்து. எங்கள் விடுதி நிர்வாகிகளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த நாள்களில் வெயிலும் இல்லை, கரண்டும் இல்லை. அப்போது கைகொடுத்தது அடுப்புதான்.

பத்து லிட்டர் ஹீட்டர் வந்தது. மொட்டைமாடியில் தனியாக ஒரு சிறு தொட்டி வைத்து, போர் தண்ணீரை விட்டு, மாநகராட்சி தரும் ஆற்றுத் தண்ணீரை மட்டும் அதற்கு இணைத்தோம். தாமிரபரணித் தண்ணீரில் உப்பு குறைவு; காயில் நெடுநாள் பிழைக்கும். சூட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்கவில்லை. படிவும் குறையும், கையும் வேகாது. அனோடு கம்பியை இரண்டு ஆண்டில் பார்க்கச் சொல்லி மின்பணியாளர் கலனின்மேலேயே தேதி எழுதிவிட்டுப் போனார். உளூச் செய்யும் இடத்தில் உட்கார்ந்த உயரத்தில் ஒரு குழாய் வைத்தோம். அதைத் திறந்ததும் முதலில் வருவது குழாயில் தேங்கிய குளிர்ந்த தண்ணீர். அதை உம்மா ஒரு குவளையில் பிடித்துவைத்து, விடிந்ததும் கொல்லையிலுள்ள மருதாணிக்கு ஊற்றுகிறார்கள்.