பெயர் சொல்லி வழியனுப்பிய படகு: டிஸ்னி வேர்ல்டும் ஒரு மணிக்கட்டுப் பட்டையும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், ஆர்லாண்டோ. அங்குள்ள 'மேஜிக் கிங்டம்' பூங்காவில் வெயில் தாங்காதவர்கள் ஒதுங்கும் சவாரி ஒன்று உண்டு. பெயர் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்'. ஏ.சி. குளிரில் படகு மெல்ல நகரும். இரண்டு பக்கமும் பல நாட்டு உடைகளில் பொம்மைகள் நின்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். (ஒருமுறை கேட்டுவிட்டால் இரண்டு நாளைக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்!)

பூங்காவில் எலெக்ட்ரானிக் ரிஸ்ட்பேண்ட் அறிமுகமான சில காலத்தில், இந்தச் சவாரி முடியும் இடத்தில் திரைகள் வைத்தார்கள். படகு நெருங்கியதும், அதில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரே திரையில் வந்து 'போய் வாருங்கள்' என்று விடை கொடுக்கும். பெயரைப் பார்த்ததும் குழந்தைகளுக்குத் தலைகால் புரியாது. ஆனால், கூட வந்த பாட்டி, "நாம யார்கிட்டயும் பேரே சொல்லலையே, இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

பதில் பேரக்குழந்தையின் மணிக்கட்டில் இருந்தது.

ஒரே பட்டை, எல்லா வேலையும்

1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். பூங்கா என்றதும் நம் ஊர் பொருட்காட்சி அளவுக்கு நினைத்துவிடக் கூடாது. மொத்தப் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். நான்கு தீம் பார்க், இரண்டு வாட்டர் பார்க், இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். குடும்பத்தோடு போனால் நாலைந்து நாள் தங்குவது சாதாரணம். டிக்கெட், ரூம் சாவி, கிரெடிட் கார்டு, சவாரிக்கான முன்பதிவுச் சீட்டு என எதையாவது ஒன்றை யாராவது ஒருவர் தொலைக்காமல் இருக்க மாட்டார்.

இந்தத் தொல்லைக்கு முடிவுகட்டத்தான் 2013-ல் 'மேஜிக்பேண்ட்' வந்தது. இதற்கான மொத்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 100 கோடி டாலர். மிக்கி மவுஸ் தலை வடிவிலிருக்கும் கருவியில் பட்டையை வைத்தால் வட்டம் பச்சையாக ஒளிரும். பூங்கா வாசல் திறக்கும். ஹோட்டல் அறைக்கதவும் அதே பட்டையில் திறக்கும். கடையில் பட்டையைத் தொட்டு, நாலு இலக்க ரகசிய எண்ணை அடித்தால் பில் அறைக் கணக்கில் ஏறிவிடும். பர்ஸை வெளியே எடுக்கவே வேண்டாம். செலவு எவ்வளவு ஆனது என்பதும் ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் உறைக்கும், அது தனிக்கதை.

'பி அவர் கெஸ்ட்' என்ற உணவகத்தில் இதைவிட வியப்பு. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் வரும் அரண்மனை போன்ற கட்டடம். மதிய உணவை முன்கூட்டியே ஆர்டர் செய்துவிட்டு, உள்ளே எந்த மேஜையில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று அன்று இருந்தது. எந்த மேஜை என்று சர்வரிடம் சொல்ல வேண்டியதில்லை. தட்டு தானாகத் தேடி வந்துவிடும். கூரையிலும் மேஜையிலும் இருந்த கருவிகள் பட்டை எங்கே இருக்கிறது என்று சமையலறைக்குச் சொல்லிவிடும். இப்போது அந்த உணவகத்தில் நடைமுறை மாறிவிட்டது.

தொடாமலே பேசும் பட்டை

விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பட்டைக்குள் இருந்தது ஒரு ரேடியோ அல்ல, இரண்டு.

முதலாவது, மெட்ரோ ரயில் கார்டு போன்றது. கருவிக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் வேலை செய்யும். அதாவது, தொடுவது நீங்கள். எங்கே, எப்போது தொட்டீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவதற்குச் சின்ன பேட்டரி உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பல அடி தூரத்திலிருக்கும் கருவிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். கையை நீட்டவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். படகுச் சவாரியில் பெயர் வந்ததும், சுரங்க ரயிலில் அலறும்போது எடுத்த போட்டோ அந்தக் குடும்பத்தின் கணக்கில் தானாகச் சேர்வதும் இந்த இரண்டாவது ரேடியோவின் வேலைதான். எங்கே கூட்டம் சேர்கிறது, எந்த வரிசை நகரவில்லை என்று நிர்வாகம் கணிக்கவும் இது உதவும்.

பட்டைக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. பெயர், கார்டு எண் எதுவும் அதில் பதிவாகியிருக்காது. இருப்பது வெறும் குறியீட்டு எண். அந்த எண் யாருடையது, அவர் எங்கே தங்கியிருக்கிறார், கூட வந்தவர்கள் யார், என்ன வாங்கினார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். ஆக, பட்டையை யாராவது திருடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பெற்றோரின் கவலை திருடனைப் பற்றியதாகவும் இல்லை.

2013-ல் திட்டம் பற்றிய செய்தி வெளியானபோது பலரும் பேசிய ஓர் அம்சம் உண்டு. சிண்ட்ரெல்லா வேடமிட்ட ஊழியர், எதிரே வரும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம், பெற்றோர் சம்மதித்தால். குழந்தைக்கு அது வாழ்நாள் ஞாபகம். ஆனால், 'உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தெரியாதவங்ககிட்ட போகக் கூடாது' என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மாவுக்கு? மேஜிக்பேண்டில் பெயரை உள்பக்கமாக, தோலோடு ஒட்டும் இடத்தில்தான் அச்சிட்டார்கள். வெளியாள் யாரும் படித்துவிட முடியாது. அந்த அளவுக்கு யோசித்த அதே திட்டத்தில்தான் இதுவும் இருந்தது.

அந்த ஜனவரி மாதமே அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கி, டிஸ்னியின் தலைவர் பாப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தகவல்களை இணையத்தில் பாதுகாக்க 1998-ல் வந்த சட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவர் அவர். என்னென்ன தகவலைச் சேகரிக்கிறீர்கள், குழந்தைகளுக்கு விளம்பரம் செய்யப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டிருந்தார். சில நாட்களிலேயே ஐகரிடமிருந்து சூடான பதில் வந்தது. எங்களிடம் கேட்டிருந்தால் விளக்கியிருப்போமே என்ற கோபம் அதில் தெரிந்தது. குழந்தைகளின் தகவலை வைத்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதில்லை, பட்டை கட்டாயமும் இல்லை, பிள்ளைகள் விஷயத்தில் முடிவு பெற்றோர் கையில் என்பது அதன் சாரம்.

கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஹோட்டலில் தங்குகிறவர்கள் வீட்டுக்கே வண்ண வண்ணப் பட்டைகள், ஆளுக்கொன்றாகப் பெயர் அச்சிட்டு, இலவசமாக வந்தன. குழந்தை அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையில் மாட்டிக்கொண்ட பிறகு, 'வேண்டாம்' என்று சொல்லும் அப்பா யார்?

வியர்வை, அரிப்பு, அதிர்வு

உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது இன்னொரு பக்கம். ஆர்லாண்டோவின் கோடைக்காலம் சென்னைக்குச் சற்றும் குறைந்ததல்ல. புழுக்கமும் அப்படியே. காலை முதல் வாணவேடிக்கை முடியும்வரை ரப்பர் போன்ற பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தால், அடியில் வியர்வை தேங்கிச் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். இது டிஸ்னி பட்டைக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 'ஃபிட்பிட் ஃபோர்ஸ்' என்ற உடற்பயிற்சிப் பட்டை, தோல் அலர்ஜிப் புகார்களால் 2014-ல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

முதல் பட்டையின் விளிம்பைக் கிழித்து நீக்கிவிட்டால் குழந்தையின் சிறிய மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கும். அடுத்து வந்த மாடலில் நடுவிலிருக்கும் வட்டத்தை மட்டும் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். 2022-ல் வந்த 'மேஜிக்பேண்ட் ப்ளஸ்' சார்ஜ் செய்ய வேண்டிய ரகம். மின்னும், அதிரும். பல பிள்ளைகளுக்கு அது குஷி. தொடுதலோ திடீர் அதிர்வோ பிடிக்காத பிள்ளைகளுக்கு அதுவே சித்திரவதை. அப்படிப்பட்ட பிள்ளையோடு போகிறவர்கள் அதைக் கையில் கட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுத்துத் தொட்டால் போதும். சார்ஜ் தீர்ந்தாலும் தொட்டுத் திறக்கும் வேலை நிற்பதில்லை.

மற்ற பூங்காக்களில்

டென்மார்க்கின் பில்லுண்ட் நகரிலுள்ள லீகோலேண்ட் 2004-லேயே இப்படியொரு பட்டையை வாடகைக்குக் கொடுத்தது. குழந்தை கூட்டத்தில் தொலைந்தால், பெற்றோர் எஸ்.எம்.எஸ். அனுப்பி அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே பட்டை பதில் சொன்னது பெற்றோருக்கு. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை ஐந்து நிமிடம் தவறவிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். டிஸ்னி பட்டையின் சிக்னல் போய்ச் சேர்வதோ நிறுவனத்துக்கு.

ஆர்லாண்டோவிலேயே, யுனிவர்சல் நிறுவனத்தின் 'வால்கேனோ பே' வாட்டர் பார்க் 2017-ல் 'டபு டபு' என்ற பட்டையோடு திறந்தது. நீச்சலுடையில் செல்போனையோ பர்ஸையோ எங்கே வைப்பது? சறுக்கு அருகே பட்டையைத் தொட்டுவிட்டுப் போய்த் தண்ணீரில் கிடக்கலாம். முறை வந்ததும் அதுவே கூப்பிடும். மாலையில் வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

டிஸ்னி அடுத்த அடியையும் வைத்துப் பார்த்துவிட்டது. 2021 வசந்தகாலத்தில் மேஜிக் கிங்டம் வாசலில் ஒரு மாதம், முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைச் சோதனைக்கு வைத்தார்கள். அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். பட்டையை ராத்திரி கழற்றி மேஜை மேல் வைக்கலாம்.

அட்டை என்று கேளுங்கள்

அமெரிக்காவிலிருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெற்றோரின் பயணத் திட்டத்தில் டிஸ்னி வேர்ல்டும் பெரும்பாலும் இருக்கும். அவர்களுக்காக ஒரு தகவல். 2021 முதல் ஹோட்டல் விருந்தினர்களுக்கும் பட்டை இலவசமில்லை. 'ப்ளஸ்' வந்தபோது அதன் ஆரம்ப விலை 34.99 டாலர். அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அட்டை உண்டு. பேட்டரி கிடையாது என்பதால் தூரத்திலிருந்து அதைப் படிக்க முடியாது. வாசல், அறைக்கதவு, கடை மூன்றும் அதில் நடக்கும். செல்போனையே தொட்டு உள்ளே போகும் வசதியும் இருக்கிறது. ஆனால் டிஸ்னியின் ஆப் இருப்பிட அனுமதி கேட்கும்போது 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாசலில் விரல் ரேகைக் கருவி இருந்தால், விருப்பமில்லாதவர்கள் போட்டோவுடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டலாம். இதையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். குழந்தையின் கணக்கில் பொருள் வாங்கும் வசதியை முடக்கி வைக்கலாம் என்பதும் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் படகில் அட்டையோடு ஏறியவர்களுக்குத் திரை பெயர் சொல்லி விடை கொடுக்கவில்லை. படகு அதே படகுதான், பொம்மைகளும் அதே பொம்மைகள்தான். பாட்டு மட்டும் யாரையும் விடவில்லை.