அளவுச் சாப்பாடு

தென்பாண்டிச் சீமையில் பிறந்தவர்களுக்கு நாக்கு நீளம் என்று பிற ஊரார் கேலி செய்வதுண்டு. அதை நாங்கள் மறுக்கப் போவதில்லை. திருநெல்வேலிக்கு அல்வா, தூத்துக்குடிக்கு மக்ரூன், திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா என்று ஊருக்கு ஒரு பண்டமாகப் பெயர் வாங்கி வைத்திருக்கிறோமே! இந்த நான்கு ஊர்ப் பிள்ளைகளும் எங்கள் ஒரே வகுப்பில் இருக்கிறோம். ஆகவே விடுமுறை முடிந்து விடுதி திறக்கும் நாளில் எங்களுக்குள் நடக்கும் பண்டமாற்றைச் சொல்லி முடியாது.

இப்பண்டங்கள் உடம்புக்கு இலேசானவை அல்ல. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையோடு கிண்டிக் கிண்டி, நெய்யை வார்த்துக்கொண்டே இருந்தால்தான் அல்வா திரண்டு வரும். மற்ற ஊர்களில் பரோட்டாவைக் கல்லில் சுட்டு எடுப்பார்கள். விருதுநகரிலோ மொறுமொறுவென்று ஆகும்வரை எண்ணெயிலேயே வேகவிடுகிறார்கள். ஆயினும் எங்கள் பாட்டிமார் இவற்றை விலக்கிவிடவில்லை. அளவு என்னும் வேலிக்குள் வைத்திருந்தார்கள்.

திருநெல்வேலிச் சொதியையே பாருங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் அந்தக் குழம்பு, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு உரியது. அதன் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் இலை போடமாட்டார்கள். "மாப்பிள்ளைக்குச் சொதி ஊத்திட்டு இஞ்சி வைக்காம விடலாமா?" என்று கேட்பார் எங்களுள் ஒருத்தியின் பாட்டி. கொழுப்பு மிகுந்த உணவுக்கு ஒரு நாளையும் குறித்து, அது செரிக்க ஒரு துணையையும் கூடவே வைத்த அறிவு அது! கிறிஸ்துமஸுக்குச் சுடும் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் அப்படித்தான். சுட்டதில் பாதி, தட்டு தட்டாக அண்டை வீடுகளுக்குப் போய்விடும். எஞ்சியதுதான் நமக்கு.

இன்று வேலி சாய்ந்துவிட்டது. அச்சுமுறுக்கு ஆண்டு முழுவதும் கடையில் தொங்குகிறது. அல்வா கிலோக் கணக்கில் வீடு வருகிறது. பரோட்டாவோ பல வீடுகளில் வாரம் மூன்று இரவுகளுக்கு உணவாகிவிட்டது. பண்டிகை உணவு அன்றாட உணவானால் உடம்பு என்ன செய்யும்?

இக்கேள்வியை வகுப்பில் எழுப்பியவர் எங்களுக்கு அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரி. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறது. அதாவது ஏறக்குறைய 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி. "உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது? கணக்கெடுத்து வாருங்கள்" என்றார் அவர்.

மளிகைச் சீட்டுகளைப் புரட்டினோம். ஒரு தோழியின் வீட்டில் ஐந்து பேர். மாதத்துக்கு 6 லிட்டர் எண்ணெய். முப்பது நாளுக்கும் ஐந்து பேருக்கும் வகுத்தால் தலைக்கு 40 மில்லி வருகிறது. கடையில் வாங்கித் தின்ற வடையும் பரோட்டாவும் இந்தக் கணக்கில் சேரவில்லை!

அருட்சகோதரி அத்துடன் விடவில்லை. "தலைக்கு என்று வகுத்துவிட்டீர்கள். உண்மையில் எல்லாத் தலைக்கும் ஒரே அளவுதான் போகிறதா? யார் எதை எவ்வளவு உண்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்" என்றார்.

அந்த ஒரு வாரம் எங்கள் கண்களைத் திறந்துவிட்டது. அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் முதலில் பரிமாறப்படுகிறது. மீனிலும் கறியிலும் நல்ல துண்டு அவர்களுக்கு. பிறகு எங்களுக்கு. கடைசியில் அம்மா அமர்கிறார். அப்போது கீரைச் சட்டி காலி, முட்டையும் தீர்ந்திருக்கும். குழம்புச் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஆறிப்போன இரண்டு அப்பளங்களையும், பிள்ளைகள் மிச்சம் வைத்த பரோட்டாத் துண்டையும் சேர்த்து உண்டு எழுகிறார். கேட்டால், "ஏட்டி, மிஞ்சினதக் கொட்டவா முடியும்?" என்கிறார். வீடுகள் வேறு, ஊர்கள் வேறு. ஆனால் எங்கள் நோட்டுப் புத்தகங்களில் பலவற்றில் இதே வாக்கியம் இருந்தது.

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. உடல் பருத்தவருக்கு இரத்தம் எப்படிக் குறையும் என்று முதலில் வியந்தோம். அம்மாவின் தட்டை நினைத்ததும் விடை கிடைத்தது. வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு. எண்ணெயில் கலோரி உண்டு, இரும்புச்சத்து இல்லை. இரும்பு இருப்பது கீரையிலும் பருப்பிலும் மீனிலும் இறைச்சியிலும் அல்லவா! ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் சேர்ந்தால் கீரையின் இரும்பை உடம்பு நன்றாக ஏற்கும். உணவோடு தேநீர் குடித்தால் அது குறைந்துபோகும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் எங்களிடையே உண்டு. எங்கள் தோழி ஒருத்தி எடை குறைய வேண்டும் என்று காலை உணவை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். "பெண்கள் குறைவாக உண்பதுதான் அழகு என்று கொன்றைவேந்தனிலேயே இருக்கிறதே!" என்று பின்னர் எங்களிடம் வாதிட்டாள். ஔவைப் பாட்டியிடம் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் வளரும் வயதில், மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடம்பு எங்களுடையது. குறைத்து உண்பது வேறு, அளவாய் உண்பது வேறு. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொல்கிறது. அங்கே ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்ற பேச்சே இல்லை.

உணவு விடுதிகளில் 'முழுச் சாப்பாடு', 'அளவுச் சாப்பாடு' என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அளவு என்றால் கஞ்சத்தனம் என்று எண்ணியிருந்தோம். இப்போது அதற்கு வேறு பொருள் காண்கிறோம். எவருக்கும் மிகையாகாமலும், எவருக்கும் குறையாமலும் இருப்பதே அளவு.

ஆகவே தோழியரே, அல்வாவை விட்டுவிட வேண்டாம். ஒரு துண்டு எடுத்து, மீதியைப் பகிர்வோம். பரோட்டா மாதத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளியாக இருக்கட்டும். எண்ணெயைப் புட்டியிலிருந்து சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவோம். சமைத்ததும், முதல் கரண்டி போடுமுன், அம்மாவின் பங்குக் கீரையையும் மீனையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைப்போம். எங்களுள் சிலர் இதைத் தொடங்கிவிட்டோம். அம்மாமார் முதலில் கூச்சப்பட்டார்கள், தம்பிமார் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

பெற்றோரே, இதை வாசிக்கும் இன்றிரவே உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்பீர்களாக! கடைசித் தட்டு என்று ஒன்று இல்லாத வீட்டில்தான் அளவு நிலைக்கும்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்