தங்கவயலில் ஒரு ஞாயிறு

பங்காருப்பேட்டையில் பிரதான பாதையை விட்டு விலகும் ரயில், 16 கி.மீ. ஓடி மாரிக்குப்பத்தோடு நின்றுவிடுகிறது. 1894-ல் தங்கச் சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட பாதை. இன்று அதன் வேலை வேறு. விடியும் முன்பே ஊர்க்காரர்களைப் பெங்களூருக்கு ஏற்றிச் சென்று, இருட்டிய பின் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. காலையில் எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். குழந்தைகளோடு கிளம்புகிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

இயற்கையைக் காட்டக் கோலார் தங்கவயலுக்கா என்று நண்பர்கள் சிரித்தார்கள். அருவியும் மானும் வேண்டுமென்றால் சிரிப்பு நியாயம்தான். ஆனால் பூமிக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது. அது வெளியே கொட்டிக் கிடக்கும் ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை.

ஊர்ப் பெயரே மொழிபெயர்ப்பாளனைச் சீண்டுகிறது. கன்னடத்தில் 'சின்னத கணி', அதாவது தங்கச் சுரங்கம் என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழன்தான் ஆங்கிலப் பெயரை அப்படியே வாங்கி 'வயல்' ஆக்கினான். வட ஆற்காட்டிலும் சேலத்திலும் சித்தூரிலும் மழை பொய்த்த நிலத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எங்களுக்கு வழிகாட்டி என் மனைவியின் சித்தப்பா. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். ஆண்டர்சன்பேட்டை தாண்டியதும் வெளிர்நிறக் குன்றுகள் தெரிந்தன. 2018-ல் வந்த கன்னடப் படத்தில் பார்த்த இடம் என்று பையன்கள் துள்ளினார்கள். ஏறிச் சறுக்க வேண்டும் என்று அடம்.

"ஏறக்கூடாது கண்ணு. அது மண்ணு இல்ல, மாவு. பாறைய மாவா அரைச்சுக் கொட்டினது" என்றார் சித்தப்பா. நாங்கள் சாலையிலேயே நின்றோம்.

பிறகு பாடம் நடந்தது. கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறையை அரைத்தால் கிடைத்தது மூன்று கிராம் அளவுக்குத்தான் தங்கம். அந்த மாவில் சயனைடு கரைசலைக் கலந்தால் தங்கம் கரைந்து பிரியும். மிச்சம் குன்றாகக் குவியும். 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். குவிந்த கழிவு மூன்று கோடி டன்னுக்கும் மேல். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். சிதையாதது சிலிக்கா தூசி. சுரங்கத்துக்குள் எத்தனையோ பேரின் நுரையீரலை அரித்த அதே தூசி, காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் வருகிறது. குன்றின் மேல் ஏன் மரம் இல்லை என்று மகள் கேட்டாள். வேர் பிடிக்க அதில் சத்தும் இல்லை, ஈரமும் நிற்பதில்லை. விளிம்பில் ஏதோ முட்செடி மட்டும் வீம்புக்கு நின்றது.

மலையை விடப் பழைய ஒன்றையும் பார்த்தோம். தங்கவயல் பகுதியின் 'தலையணை எரிமலைப் பாறைகள்' இந்திய புவியியல் ஆய்வுத் துறையால் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் பீறிட்டால் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, உருண்டை உருண்டையாக, தலையணை அடுக்கியதுபோல் உறைந்துவிடும். சுமார் 270 கோடி ஆண்டுகளில் அவை நசுங்கிவிட்டன; கொஞ்சம் கற்பனை தேவைப்படுகிறது. ஆனால் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே, தண்ணீருக்குத் தவிக்கும் கோலாரில், காலடியில் ஒரு பழைய நீர்ப்பரப்பின் அடித்தளம் கிடக்கிறது என்பது பெரியவர்களையே மௌனமாக்குகிறது.

சித்தப்பாவின் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமானது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அந்த ஆழத்தை நாடி விஞ்ஞானிகளும் வந்தார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிட, அதையும் ஊடுருவி வரும் நியூட்ரினோவை 1965-ல் இங்கே பதிவு செய்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதலில் கண்ட இடங்களில் இதுவும் ஒன்று. "கருவி வச்சிருந்த பக்கம் எங்களை விட மாட்டாங்க" என்பதோடு சித்தப்பா அதை முடித்துக்கொண்டார்.

மதியம் பேத்தமங்கலம் ஏரிக்கரை. தங்கவயல் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுச்சோற்றோடு வரும் இடம். சுரங்க ஊருக்குக் குடிதண்ணீர் போனதும் இங்கிருந்துதான். எலுமிச்சை சாதமும் அவித்த முட்டையும் தீர்வதற்குள் நீர்க்காகங்களை எண்ணி முடித்தார்கள் பிள்ளைகள். இது பாலாறு என்றதும் மகள் நம்பவில்லை. வேலூரில் அவள் பார்த்த பாலாறு மணல்தானே! நந்தி மலைப் பக்கம் பிறந்து, இங்கே தேங்கி, ஆந்திரம் நுழைந்து, பிறகுதான் அது வாணியம்பாடிப் பக்கம் வருகிறது. 2021 நவம்பரில் வேலூர் மாவட்டத்தில் வெள்ளமாகப் பாய்ந்த பாலாற்றுக்கும் தாய்வீடு இந்தப் பக்கம்தான். பாலாற்றங்கரையில் பிழைக்க முடியாமல் புறப்பட்டவர்களில் பலர், அதே ஆற்றின் தலைமாட்டில் வந்து குடியேறினார்கள்.

முளபாகல் வட்டத்தின் அனுமனஹள்ளிக் குகைக்கு நேரமில்லை. இருந்திருந்தாலும் போயிருக்கக்கூடாது. 1994-ல் அறிவியலுக்கு அறிமுகமான கோலார் இலைமூக்கு வௌவால், உலகில் அந்த ஒரு கிராமத்தில்தான் எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரைச் சுற்றுலாவாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

திரும்பும்போது காற்று கிளம்பியிருந்தது. குன்றுகளின் முகடு புகைபோல் கலைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் குன்றுகளையே மறுபடி தோண்டப்போவதைப் பற்றிப் பேசினோம். சுமார் 1,000 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மேடுகளில் மேற்பரப்புச் சுரங்கப் பணிக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மாவில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக. ரயிலில் பெங்களூர் போய்வரும் சித்தப்பாவின் மகனுக்கு அதில் ஒரு நம்பிக்கை. உள்ளூர்க்காரர்களை எடுப்பார்களா என்பதுதான் அவர் கேள்வி.

சித்தப்பாவின் கேள்வி வேறு. "தோண்டட்டும். ஆனா தண்ணி அடிச்சுக்கிட்டே தோண்டணும். உள்ள துளை போடுறப்ப தண்ணி விட்டுத்தான் போடுவோம், தூசி கிளம்பாம. இங்க அவ்வளவு தண்ணிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டு, பேத்தமங்கலம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.