பாலம் வந்தது, துறை போனது



படுவான்கரைப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களைக் கண்டால் காத்தான்குடியில் பலரும் கேட்பது ஒன்றுதான். "பாலம் போட்டாச்சே, இன்னும் என்ன கரச்சல்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் மண்முனைத் துறையில் பாதைதான் ஓடியது. (வெளியூர் நண்பர்களுக்கு: ஆட்களையும் வாகனங்களையும் வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றுதான் பெயர்.) அது அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலில் காய வேண்டும். நோயாளியை ஏற்றி வந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனால் எல்லோரும் வந்து சேரும் ஓர் இடமாகத் துறை இருந்தது. தயிர்ச்சட்டியோடு வருபவர், துணி மூட்டையோடு போகும் எங்கள் ஊர் வியாபாரி, கிளினிக் போகும் தாய் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். யுத்த காலத்தில் இந்த வாவியே எல்லையாகக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு, இப்படிச் சேர்ந்து நிற்பது சின்ன விஷயமில்லை என்று தெரியும்.

2014இல் ஜப்பானிய உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறந்தது. அது வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் உள்ளவர் இப்போது நிற்காமலே போய்விடுகிறார். இல்லாதவர்தான் கல்முனை வீதியில் இறங்கி, துறைக்குத் திரும்பும் சந்தியில் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிறார். அது எப்போது வரும் என்று எழுதிப்போட ஒரு பலகை கிடையாது. மழைக்கு ஒதுங்கக் கடைத் தாழ்வாரம்தான். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு வயதான அம்மா எங்களிடம் கேட்டார்: "கொக்கட்டிச்சோலை பஸ் போயித்தா புள்ள?" எங்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓட்டோ பிடித்து, காசைப் பங்குபோட்டுக்கொண்டு போனோம்.

பாடசாலை விட்டு வரும்போதும் இதே கதைதான். மேலதிக வகுப்பு வைத்தால் மஃரிபுக்கு முன் வீடு சேர முடியுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியைகளுக்கு மலசலகூடப் பிரச்சினை வேறு. படுவான்கரைக்கு நியமனம் கிடைத்தவர்கள் முதல் சந்தர்ப்பத்திலேயே இடமாற்றம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கரைப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் தங்குவதில்லை என்று பேசுகிறோம். அந்தச் சந்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சுனாமிக்குப் பிறகு நாவலடியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்குத் திராய்மடுவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடு ஒரு பக்கம், தோணியும் கடலும் இன்னொரு பக்கம். இடையிலுள்ள தூரத்தை அந்த மனிதர்கள் எப்படிக் கடப்பார்கள் என்பது வீட்டுத் திட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

இதை வேறு மாதிரிச் செய்த ஊரும் உண்டு. கொலம்பியாவின் மெடலின் நகரில் மலைச்சரிவில் ஏழைகள் தாங்களாகவே கட்டிக்கொண்ட குடியிருப்புகள் ஏராளம். 2004இல் அங்கே சாந்தோ தொமிங்கோ என்ற பகுதிக்குக் கம்பிவழிப் பெட்டிகளை ஓடவிட்டார்கள். படம் பார்க்கிறவர்கள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குப் பிடித்தது கீழே உள்ள அசெவெதோ நிலையம். கம்பிவழியும் நகர ரயிலும் அங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. இறங்கி, அந்த நிலையத்துக்குள்ளேயே மாறி ஏறலாம், இரண்டாவது கட்டணம் இல்லை. எங்களுக்குக் கம்பிவழியெல்லாம் வேண்டாம். மாறி ஏறும் இடத்தை மனிதர் நிற்கும் இடமாக நினைத்தார்களே, அது போதும்.

நினைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிண்ணியாவில் பார்த்தோம். குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலத்துக்காகப் பழையதை எடுத்தார்கள். அந்த இடைக்காலத்துக்கு மக்களுக்குக் கிடைத்தது ஒரு மிதவை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் மையித்துகள் வந்தன. ஆசிரியர்களான எங்களால் அந்தக் காலையை மறக்க முடியாது.

மண்முனைச் சந்திக்கு நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது பேர் நிற்கக்கூடிய கூரை, இரவில் எரியும் விளக்கு, பெண்களுக்குத் தனி மலசலகூடம், ஓட்டோ நிற்க ஒதுக்கிய இடம், நேர அட்டவணைப் பலகை. இவற்றையெல்லாம்விட முக்கியம், கல்முனை வீதியால் வரும் காலை பஸ்ஸுக்கும் பின்னேர பஸ்ஸுக்கும் பொருந்துகிற மாதிரிக் கொக்கட்டிச்சோலை பஸ்ஸின் நேரத்தை வைப்பது. இதற்குக் கொங்கிரீட்டே தேவையில்லை, இரண்டு பக்கத்தாரும் ஒரு மேசையில் இருந்தால் போதும். இக்கரை ஒரு பிரதேச சபை, அக்கரை இன்னொரு பிரதேச சபை, நடுவில் பஸ்காரர்கள். அதனால்தான் சந்தி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

கடிதம் எழுதிவிட்டோம். அக்கரைப் பாடசாலைப் பெற்றோர் ஏற்கெனவே கையெழுத்து வைக்கிறார்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா உறவுகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகோ ஞாயிறு காலையிலோ ஒரு பேனையோடு சந்திப் பக்கம் வாருங்கள். கடைத் தாழ்வாரத்தில்தான் நிற்போம்.